புத்தாண்டு அட்டையில் பிள்ளையார் சுழி

ஓய்வு பெற்றவர்கள் பழைய வேலையிடத்துக்கு அடிக்கடி போகக் கூடாது என்பது என் கொள்கை. போனால் எல்லோரும் பிள்ளைகளை விட்டுவிட்டு நமக்குக் கோப்பி போட ஓடுவார்கள். இருந்தாலும் போன மாதம் ஒருநாள் மனம் கேட்காமல் போனேன். பெரிய பிள்ளைகளின் அறையில் நான்கு பேர் ஒரு தட்டைக் கணினியைச் சுற்றியிருந்து எழுத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். திரையில் எழுத்து வருகிறது. எங்கே தொடங்க வேண்டுமோ அங்கே ஒரு பச்சைப் புள்ளி மினுங்குகிறது. பிள்ளை அதில் விரலை வைத்து இழுத்தால் வேலை முடிந்தது. புதிதாகச் சேர்ந்த ஆசிரியை அதைப் பெருமையோடு எனக்குக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் புள்ளியைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு வேலை போகப் பார்த்தது என்றேன். அவள் நம்பவில்லை. அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஜேர்மனிக்கு வந்த புதிதில் நான் செய்யாத வேலையில்லை. ஹோட்டல் அறைகளைத் துப்புரவாக்கினேன், பூக்கடையில் ரோசாவுக்கு முள் எடுத்தேன், ஒரு பேக்கரியில் விடியப்புறம் தட்டுக் கழுவினேன். என் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, சிறுவர் பராமரிப்புக்கான அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, எடுத்தேன். அதில் படித்ததில் பாதியை நானாக மறந்தேன். மீதிப் பாதியைப் பிள்ளைகள் மறக்கவைத்தார்கள்.

வேலை கேட்டு எழுதிப்போட்ட இடங்களில் முதலில் கூப்பிட்டது பிராங்பேர்ட்டில் இருந்த ஒரு யூதக் கிண்டர்கார்டன். இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். கையில் யூரோக் காசு புதிதாகப் புழங்கிய காலம். விமான நிலையத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த என் கணவர் கடிதத்தை வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இஞ்சரும், உமக்கு அவையளின்ரை பண்டிகையளைப் பற்றி என்ன தெரியும்?"

"பிள்ளையளைப் பற்றித் தெரியும். பண்டிகையை அவையே சொல்லித் தருவினம்" என்றேன். வாய் மட்டும் அப்போதும் குறைவில்லை.

அந்தக் கட்டடத்துக்குள் போவதே ஒரு சடங்கு. வாசலில் பொலிஸ் வண்டி நிற்கும், யூதர்களின் இடங்களுக்கு ஜேர்மனியில் எப்போதும் காவல் உண்டு. முதற் கதவு பூட்டினால்தான் இரண்டாவது கதவு திறக்கும். உள்ளே போய்விட்டால் பெயின்ற் மணமும் சூப் மணமும் சண்டைச் சத்தமும்தான், உலகத்தின் எந்தப் பாலர் பள்ளியையும்போல. பிள்ளைகளில் பெரும்பாலானோர் ரஷ்ய மொழி பேசும் வீடுகளிலிருந்து வந்தவர்கள். பெற்றோரும் எங்களைப்போலவே வந்து குடியேறியவர்கள், படிவத்தை நீட்டினால் எங்களைப்போலவே பயப்படுகிறவர்கள். அதனால் எனக்கு அங்கே அந்நியமாகத் தெரியவில்லை.

தலைமை ஆசிரியையின் பெயர் மிரியம். குட்டையான மனிதர், கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். அவருடைய அறையில் பெரியவர்களுக்கான கதிரை கிடையாது. பெற்றோர் வந்தாலும் மேற்பார்வைக்கு அதிகாரி வந்தாலும் பிள்ளைகளின் குட்டிக் கதிரையில்தான் இருக்க வேண்டும். அவரும் அதிலேயே இருப்பார். முழங்கால் நாடியில் முட்டிக்கொண்டிருக்கும்போது ஒருவராலும் கோபப்பட ஏலாது என்பது அவருடைய கணக்கு. அவருக்கே கோபம் வந்தால் குரல் உயராது. பென்சில் சீவத் தொடங்குவார். அறைக்குள் கிர், கிர் என்று சத்தம் கேட்டால் நாங்கள் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டோம்.

எழுத்து விஷயத்தில் அவருக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, அந்தக் கட்டடத்தில் அழிறப்பர் இருக்கக் கூடாது. பிழையாகப் போன கோட்டை ஒரு மீனாகவோ இலையாகவோ மாற்றிவிட்டு அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். மற்றது, பயிற்சித்தாள் கூடாது. பிள்ளை எழுதுகிற எதுவும் ஒரு ஆளிடம் போய்ச் சேர வேண்டும். நான் எதைச் செய்யப்போகிறேன் என்று சொன்னாலும் அவருடைய முதற் கேள்வி, "ஆருக்கு?" என்பதாகத்தான் இருக்கும். யூதர்களின் ஆண்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. புத்தாண்டுக்குப் பெற்றோருக்கு வாழ்த்து அட்டை. சுக்கோத் பண்டிகைக்கு முற்றத்தில் இலைக்கூரைக் குடில் போட்டால் அதற்கு அழைப்பிதழ். ஹனுக்காவுக்கு எழுத்துப் போட்ட பம்பரம். பூரிம் நாளில் ஒருவருக்கொருவர் கொடுக்கும் பலகாரப் பொதிக்குப் பெயர்ச்சீட்டு. ஒரு பண்டிகையின் பசை காய முதல் அடுத்தது வந்து நிற்கும்.

நான் சேர்ந்து முதலில் வந்தது புத்தாண்டு, ரோஷ் ஹஷானா. அப்பிளைக் குறுக்கே வெட்டினால் நடுவில் விதைகள் நட்சத்திரமாக இருக்கும். அதைச் சிவப்புப் பெயின்ற்றில் தொட்டு மடித்த அட்டையில் பதிக்க வேண்டும், அழுத்திவிட்டு இழுக்காமல் நேரே தூக்க வேண்டும். அது காய்வதற்குள் எழுத்துக்கான ஆயத்தம். பிளாஸ்ரிக் உறையிட்ட ஹீப்ரு எழுத்தின்மேல் மிரியம் ஒரு துளி தேன் விடுவார். பிள்ளை அந்தத் தேனை எழுத்தின் வழியே விரலால் இழுத்துவிட்டு விரலை நக்கும். எழுத்து இனிக்க வேண்டும் என்பது அவர்களுடைய பழைய வழக்கமாம். எங்களுடையது அரிசியில் விரல் பிடித்து எழுதுவிப்பது என்றேன். அரிசியை நக்க ஏலாதே என்று மிரியம் எனக்காகக் கவலைப்பட்டார். தேனுக்குப் பிறகு காற்றில் எழுதுவோம், பிறகு நனைத்த தூரிகையால் கரும்பலகையில். கடைசியில்தான் தடித்த பேனை.

அட்டையின் மேல்வரியில் 'ஷனா தோவா', நல்ல ஆண்டு, ஹீப்ருவில் வலமிருந்து இடம். கீழே பிள்ளையின் பெயர், ஜேர்மனில் இடமிருந்து வலம். ஐந்து வயதுப் பிள்ளைகள் இதைச் சிரித்துக்கொண்டே செய்தார்கள். ஒரு பிள்ளையைத் தவிர.

அவள் சோனியா. அடுத்த கோடை விடுமுறைக்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளை. பேனையைக் கொடுத்தால் வாங்குவாள். தாளை இடதுபக்கம் பார்ப்பாள், வலதுபக்கம் பார்ப்பாள், பேனையை மெதுவாக வைத்துவிட்டுக் கையிரண்டையும் மேசைக்குக் கீழே மறைத்துக்கொள்வாள். அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள். அதுதான் எனக்குக் கூடுதல் கவலையாக இருந்தது. விரலில் பலமில்லையாக்கும் என்று எனக்கு முன்பிருந்த ஆசிரியை குறித்துவைத்திருந்தார். ஆனால் பொம்மையின் தலைமயிரை மூன்றாகப் பிரித்து அவள் பின்னுகிற பின்னலை நான் பார்த்திருக்கிறேன். அந்த விரல்களில் ஒரு குறையுமில்லை.

வீட்டில் என்ன நடந்தது என்பது தாய் சொல்லித்தான் தெரிந்தது. தாய் பின்னேரங்களில் ரஷ்ய எழுத்துப் பழக்குவார். தகப்பன் வந்து, ஜேர்மன் மட்டும் போதும் என்று கொப்பியை மூடிவிடுவார். கிண்டர்கார்டனில் நாங்கள் ஹீப்ருவோடு காத்திருந்தோம். அந்தத் தாய் தன் ஊரில் பாலம் கட்டிய பொறியியலாளர், இங்கே மொழி வகுப்பில் வினைச்சொல் பாடமாக்கிக்கொண்டிருந்தார். ஜனவரியில் பள்ளிக்கூட வைத்தியர் பிள்ளையைப் பரிசோதிப்பார். பேர் எழுதச் சொல்லுவார். எழுதாவிட்டால் இவள் இன்னும் பக்குவப்படவில்லை என்று ஒரு வருடம் ஆயத்த வகுப்புக்கு அனுப்பிவிடுவார்கள், தோழிகள் எல்லோரும் போய்விடுவார்கள். தாய் இதை எனக்குச் சொல்லும்போது சோனியா பக்கத்தில் நின்று என் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

இனி அட்டைக்கு வருகிறேன். மேசை நடுவில் வைப்பதற்கு ஒரு மாதிரி அட்டை வேண்டும். அதை நான் வீட்டில் இருந்து எழுதினேன். மிரியம் தந்த எழுத்துக்களைப் பார்த்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, வலமிருந்து இடமாக எழுதி முடித்தபோது பெரிய சாதனையாக இருந்தது. மறுநாள் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள். பின்னேரம் அட்டைகள் வீடுகளுக்குப் போயின.

அடுத்த நாள் காலை மிரியத்தின் அறையில் கிர், கிர்.

என்னைக் கூப்பிட்டுக் குட்டிக் கதிரையில் இருத்தினார். ஒரு பிள்ளையின் தகப்பன், சமய ஒழுக்கமுள்ள மனிதர், தொலைபேசியில் மரியாதையாக விசாரித்தாராம்: அட்டையின் உச்சியில், ஷனா தோவாவுக்கும் மேலே, ஒரு நத்தை மாதிரி இருக்கிறதே, அது எந்த எழுத்து? மிரியம் மாதிரி அட்டையை என் முன் வைத்தார். உச்சியில், நடுவாக, அழகான பிள்ளையார் சுழி.

எனக்குக் காது சூடானது. சாமான் வாங்கும் துண்டிலும் வங்கிப் படிவத்திலும்கூட என் கை அதைப் போட்டுவிட்டுத்தான் அடுத்ததை எழுதும். நான் போட்டேன் என்பதே எனக்குத் தெரியாது. பிள்ளைகளோ மாதிரியில் பேனை மை சிந்தியிருந்தால் அதையும் சிந்திக் காட்டுகிறவர்கள். என் குழுப் பிள்ளைகள் அத்தனை பேரும் யூதப் புத்தாண்டைப் பிள்ளையாரில் தொடங்கியிருந்தார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். தொடங்குகிற காரியம் தடங்கலில்லாமல் முடிய வேண்டும் என்று நாங்கள் எதை எழுதினாலும் முதலில் இதைப் போடுவோம், எங்கள் கடவுளுக்குரியது, அட்டைக்கு வந்தது என் கைப்பழக்கத்தால் என்றேன். மிரியம் பென்சிலை வைத்துவிட்டார். தன் தகப்பனும் எந்தக் கடிதத்தின் மூலையிலும் இரண்டு சின்ன எழுத்துப் போட்டுவிட்டுத்தான் எழுதுவார் என்றார், இறைவன் துணை என்ற பொருளில். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"ரஞ்சி, எனக்கு விளங்குது. ஆனா உங்கடை சாமியை எங்கடை வீடுகளுக்குப் புத்தாண்டுக்கு அனுப்ப ஏலாது. இண்டைக்குப் புது அட்டை செய்வம். பின்னேரம் வாசல்லை நீங்களும் நானும் நிண்டு எல்லாருக்கும் சொல்லுவம்."

எனக்கு வேலை உறுதியாகாத காலம் அது. ஆனால் பெற்றோரில் அரைவாசிப்பேர் சிரித்தார்கள், சிலர் யானைமுகக் கடவுளைப் பற்றிக் கேட்டார்கள், தொலைபேசியில் பேசிய தகப்பன் புது அட்டையை வாங்கிக்கொண்டு பழையதை என்னிடம் தந்து, எங்களுக்கும் நல்ல ஆண்டாக அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார். கடைசியாக வந்தார் சோனியாவின் தாய். பழைய அட்டையை நெஞ்சோடு பிடித்திருந்தார்.

"இதைத் தரமாட்டன்" என்றார், தன் உடைந்த ஜேர்மனில். "இது அவள் எழுதினது."

மிரியமும் நானும் அட்டையை எட்டிப் பார்த்தோம். ஷனா தோவா இல்லை. பெயர் இல்லை. அப்பிள் நட்சத்திரத்தைச் சுற்றி, மேலும் கீழும் ஓரமும், அட்டை கொள்ளாமல் பிள்ளையார் சுழி. ஒவ்வொன்றும் திருத்தமாக, சுழித்து, வளைத்து, இழுத்து. முதல்நாள் அவள் நத்தை கீறுகிறாள் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டு பக்கத்துப் பிள்ளையின் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்!

மிரியம் அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தினார். சோனியாவிடம், இதை மட்டும் எப்படி எழுதினாய் என்று கேட்டார். சோனியா என்னைப் பார்த்தாள், தாயைப் பார்த்தாள். பிறகு சுழியின் உள்முனையில் விரலை வைத்தாள். தடித்த பேனையை நான் முதலில் ஊன்றிய இடத்தில் மை ஊறி மாதிரி அட்டையில் ஒரு பொட்டு விழுந்திருந்தது. அவளும் ஒவ்வொரு சுழியிலும் அந்தப் பொட்டை வைத்திருந்தாள்.

"இதிலை எங்கை தொடங்கிறதெண்டு தெரியுது" என்றாள்.

அவ்வளவுதான் விஷயம். பிள்ளைக்கு எழுத்தில் பயமில்லை. தாய்க்கும் தகப்பனுக்கும் எங்களுக்கும் நடுவில், எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் ஒருவருக்குப் பிழையாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நாங்கள் இத்தனை பேர் தேனும் தூரிகையுமாக ஓடித் திரிந்தோமே, எங்கே தொடங்குவது என்று ஒருவரும் அவளுக்குக் காட்டவில்லை. மிரியம் எழும்பி நேரே சமையலறைக்குப் போனார். பாலும் இறைச்சியும் கலக்கக் கூடாது என்பது அவர்களுடைய சமய விதி என்பதால், அங்கே பால் உணவுக்கு நீலம், இறைச்சிக்குச் சிவப்பு, இரண்டிலும் சேராததற்கு மஞ்சள் என்று வட்டமான ஒட்டுப்பொட்டுகள் சுருளாக இருக்கும். மஞ்சள் சுருளைத் தூக்கிக்கொண்டு வந்தார். சமையற்காரி பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தாள், நாளைக்குக் கத்தரிக்காய்க்கு என்ன ஒட்டுவது என்று.

அன்றிலிருந்து எங்கள் பிள்ளைகள் எழுதும் எல்லாத் தாளிலும் மஞ்சள் பொட்டு. பிள்ளைகள் அதற்கு வைத்த பேர் தேன் துளி. ஹீப்ருவுக்கு வலதுபக்கம், ஜேர்மனுக்கு இடதுபக்கம். இரவு கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

"பிள்ளையாரைத் திருப்பி அனுப்பிப்போட்டு அவரின்ரை பொட்டை மட்டும் வைச்சிருக்கிறியள்" என்றார்.

சோனியா சுக்கோத் குடிலுக்கான அழைப்பிதழில் முதல் எழுத்தை மட்டும் எழுதினாள். குடில் திறந்த நாளில் மழை வந்து அழைப்பிதழ் முழுவதும் கரைந்துபோனது வேறு கதை. ஹனுக்கா வந்தபோது பம்பரத்தின் நான்கு பக்கத்துக்கும் நான்கு ஹீப்ரு எழுத்தும் எழுதிவிட்டாள். ஹனுக்காவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எண்ணெயில் பொரித்துத் தின்பதையே கடமையாக வைத்திருக்கும் பண்டிகை அது. உருளைக்கிழங்கு அப்பமும் ஜாம் வைத்த உருண்டையும் பொரிகிற மணத்தில் நான் முழுமனதாக அந்த மக்களோடு சேர்ந்துவிட்டேன்.

பரிசோதனைக்குக் கொஞ்ச நாட்கள் இருக்கும்போது மிரியத்துக்கும் எனக்கும் பிரச்சினை வந்தது. வைத்தியரின் தாளில் பொட்டு இருக்காது, இனிப் பொட்டில்லாத தாளைக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன். சோனியா இடமும் வலமும் பார்த்துவிட்டுக் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனாள். மறுநாளும் அப்படியே. எனக்குப் பொறுக்கவில்லை. அவளுடைய சட்டைப்பைக்குள் ஒரு மஞ்சள் பொட்டைப் போட்டுவிடுகிறேனே, அவளே ஒட்டிக்கொள்ளட்டும், யாருக்கு என்ன நட்டம் என்று வாதாடினேன். கிர், கிர் என்று சீவிக்கொண்டு மிரியம் மறுத்தார்.

"ரஞ்சி, பள்ளிக்கூடத்திலை ஆர் பொட்டு ஒட்டப்போகினம்? அவளே வைக்கவேணும்."

"அவள் வைக்காட்டி?"

"வைக்காட்டி ஒரு வருசம் எங்களோடை இருப்பாள். ஆனா களவாப் பொட்டுக் குடுத்து அனுப்பமாட்டம்."

அவர் சொல்வது சரி என்று தெரிந்ததால் இன்னும் கோபமாக வந்தது.

தாய்க்கு ஜேர்மன் போதாததால் பரிசோதனைக்கு என்னையும் வரச் சொல்லிக் கேட்டிருந்தார். மிரியம் என்னை அனுப்பினார். எஸ்-பான் ரயிலில் போகும்போது சோனியா ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டு விட்டு அழித்துக்கொண்டிருந்தாள். எழுதவில்லை. வைத்தியர் நெட்டையான, அவசரமில்லாத மனிதர். தாய் பதற்றத்தில் வெளியே இருப்பதாகச் சொல்லிவிட, நான்தான் உள்ளே இருந்தேன், வாய் திறக்கக் கூடாது என்ற கட்டளையோடு. சோனியா ஒற்றைக்காலில் நின்றாள், கெந்தினாள், படங்களுக்குப் பேர் சொன்னாள், மனிதன் ஒன்று கீறி அதற்குப் பின்னலும் போட்டாள். பிறகு வைத்தியர் ஒரு வெள்ளைத் தாளை நகர்த்தி, உன் பெயரை எழுது என்றார்.

சோனியா இடதுபக்கம் பார்த்தாள். வலதுபக்கம் பார்த்தாள். கை மேசை விளிம்புக்கு வந்தது. களவாக ஒரு பொட்டுக் கொண்டுவந்திருக்கலாமே என்று மிரியத்தை மனத்துக்குள் திட்டினேன். வைத்தியர் உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் எழுதலாம் என்றார். அந்தப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய வார்த்தைகளில் அதைவிட மோசமானது கிடையாது. கை விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றது. கீழே போகவில்லை. சோனியா தலையை நிமிர்த்தி வைத்தியரைப் பார்த்தாள்.

"நீங்கள் எந்தப் பக்கத்திலையிருந்து வாசிப்பீங்கள்?"

வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன். சோனியா பொறுமையாக, சின்னப் பிள்ளைக்கு விளங்கப்படுத்துவதுபோல, ஹீப்ரு என்றால் இங்கேயிருந்து, ஜேர்மன் என்றால் அங்கேயிருந்து, ரஷ்யனும் அங்கேயிருந்துதான், ஆனால் எழுத்து வேறு என்று தாளின்மேல் விரலால் காட்டினாள். உங்களுக்கு எது வாசிக்க வரும் என்று கேட்டாள்.

"எனக்கு ஜேர்மன் மட்டுந்தான் தெரியும்" என்றார் வைத்தியர். அவருடைய குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

சோனியா தலையாட்டினாள். பென்சிலை எடுத்து இடதுபக்கத்தில் ஊன்றி ஒரு கறுத்தப் பொட்டு வைத்தாள். அங்கேயிருந்து தன் பெயரை எழுதினாள், எழுத்து எழுத்தாக, கடைசி எழுத்துத் தாளைவிட்டு மேசையில் விழும் அளவுக்குப் பெரிதாக. வைத்தியர் அந்தத் தாளை வெகுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, கோடை விடுமுறைக்குப் பிறகு இவள் பள்ளிக்கூடம் போகட்டும் என்று என்னிடம் சொன்னார். நான் வாய் திறக்கக் கூடாத ஆள் என்பதை மறந்து அவருக்குத் தமிழில் நன்றி சொன்னேன்.

வெளியே தாய் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்த்துச் செய்தியைப் புரிந்துகொண்டு அழத் தொடங்கினார். நானும் சேர்ந்து அழுதேன், நாங்கள் இருவரும் அந்தத் தாழ்வாரத்தில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துக் காத்திருந்த மற்றப் பெற்றோர் பயந்திருப்பார்கள். எப்படி எழுதினாய், ஏன் ஜேர்மனில் மட்டும் எழுதினாய், மற்றது மறந்துபோச்சா என்று தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

சோனியா கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம் அம்மா, அவருக்கு ஒண்டுதான் வாசிக்கத் தெரியும்."